வெள்ளியின் அழகும் எவர்சில்வரின் வெற்றியும்

அழகு செல்வர் வீட்டுச் சொத்தா? அன்றாடம் கையில் எடுக்கும் கரண்டியில் எளியவனுக்கு அழகு வேண்டாமா? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் வெள்ளிப் பாத்திரம் வடித்த கலைஞர்களின் வரலாற்றை நோக்கும்போது இவ்வினா எழாமல் இராது.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1904இல் ஜார்ஜ் ஜென்சன் ஒரு வெள்ளிப் பட்டறை தொடங்கினார். அவர் செய்த பாத்திரங்களில் திராட்சைக் கொத்தும் பூவும் மொட்டும் நிறைந்திருந்தன. அவர் மறைந்து பத்தாண்டுகள் கழிந்த பின், 1945இல் ஹென்னிங் காப்பெல் என்னும் சிற்பி அப்பட்டறையில் சேர்ந்தார். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிச் சுவீடனில் அடைக்கலம் புகுந்திருந்து, தாயகம் திரும்பியவர் அவர். 1952இல் அவர் வடிவமைத்த நீர்க்குடுவையில் பூவில்லை, கொடியில்லை. கொழுத்த வாத்தின் வயிறுபோல் சரிந்து பருத்த உருவமே அதன் அணி.

எளிமை என்றால் எளிதில் செய்யக்கூடியது என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளித் தகட்டைத் தட்டத் தட்ட அது இறுகும். நெருப்பிலிட்டு இளக்கி மீண்டும் தட்ட வேண்டும். பூவேலை இருந்தால் சிறு பிழை மறைந்துவிடும். வழவழப்பான பரப்பிலோ ஒரு சிறு பள்ளத்தையும் ஒளி காட்டிக்கொடுத்துவிடும்.

போற்றத்தக்க கலைதான், ஐயமில்லை. ஆனால் இத்தனை உழைப்பும் இத்தனை வெள்ளியும் சேர்ந்த குடுவையை வாங்க வல்லவர் எத்தனை பேர்? அன்றாடப் பொருள்கள் அழகு பெற வேண்டும் என்று 1919இலேயே சுவீடனில் கிரிகோர் பால்சன் எழுதினார். அக்கொள்கை வெள்ளியால் மட்டும் நிறைவேறியிருக்குமா?

நிறைவேற்றியது எஃகு. ஜென்சனிடம் தொழில் பயின்ற காய் போயேசன் 1938இல் வெள்ளியில் ஒரு கரண்டி, முள்கரண்டி வரிசையை வடிவமைத்தார். அது 1951இல் மிலான் கண்காட்சியில் உயரிய பரிசைப் பெற்றது. அதே வடிவம் பின்னர் எஃகிலும் வந்தது. 1957இல் கட்டடக் கலைஞர் ஆர்னே ஜேகப்சன் தம் மெல்லிய கரண்டிகளை எஃகிற்கென்றே வடித்தார்.

கையால் தட்டிய வெள்ளியும் ஆலையில் அச்சிட்ட எஃகும் ஒன்றாகுமா என்று சிலர் கேட்கலாம். ஒன்றல்லதான். சுத்தியலின் உயிர்ப்பு எந்திரத்துக்கு வாராது. ஆயினும் போயேசனின் கரண்டி எஃகாக மாறியபோது இழந்தது உலோகத்தின் விலையை. வடிவத்தின் அழகை அன்று. வெள்ளிப் பட்டறையில் பழகிய கை கண்டறிந்த வடிவமே எளியவன் மேசைக்கும் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கு அதனினும் பெரிய பெருமை வேறு எது?

துருவேறா எஃகை நாம் எவர்சில்வர் என்றே அழைக்கிறோம். பெயரில் மட்டும் வெள்ளியை வைத்துக்கொண்டால் போதாது. அதில் செய்யும் பொருளின் வடிவத்திலும் வெள்ளிக்குக் காட்டும் அக்கறையைக் காட்ட வேண்டும். கலைக் கல்லூரியில் பயிலும் நாம் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்தால், என்ன விலை என்று கேட்குமுன் அதன் வடிவம் நன்றா என்று கேட்கப் பழகுவோம்.