நிலைக்குத் தக்க சுவர்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய நிலை, கதவு வாங்க வருகிறவர்களில் பலர் கையோடு வீட்டு வரைபடத்தையும் கொண்டுவருகிறார்கள். சிக்கல் அங்கேதான். படத்தில் வாசல் ஏழடி. மனசுக்குப் பிடித்த நிலையோ ஆறடிகூடத் தேறாது. அல்லது பழைய தூண் கூரையை இடிக்கும். அடியில் அறுத்தால் போகிறது என்பார்கள். பூவேலையும் அதோடு போய்விடும். மரத்தை வாங்கிவிட்டுப் படம் போடச் சொல்வதே புத்திசாலித்தனம்.

லண்டன் லிபர்ட்டி கடையும் பழைய மரத்தை வாங்கி எழுப்பியதுதான். 1924-இல் எழுந்த அந்தக் கட்டடம், இம்ப்ரெக்னபிள், ஹிந்துஸ்தான் என்ற இரு போர்க்கப்பல்களைப் பிரித்தெடுத்த மரத்தில் கட்டியது. கடையின் முகப்பு நீளம் ஹிந்துஸ்தான் கப்பலின் நீளமேதான் என்பார்கள்.

செட்டிநாட்டு மரத்துக்கும் கடல் சம்பந்தம் உண்டு. நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலேறி வந்த தேக்கு அது. பங்காளிகள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல் இடிபட்ட வீடுகளிலிருந்து கடைக்கு வருகிறது. பல பத்தாண்டுகள் காய்ந்து வைரம் பாய்ந்த மரம், புதுப் பலகைபோல் முறுக்கிக்கொண்டு ஆசாரியின் மானத்தை வாங்காது.

முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கூட்டியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு தூண், ஒரு பலகை போதும். தூணை மாடிப்படியின் முதல் கம்பமாக நிறுத்தலாம். தூண் தலையில் இருந்த போதிகையைச் சுவரில் பதித்துப் புத்தகப் பலகையைத் தாங்க விடலாம். அகலமான ஊஞ்சல் பலகை ஜன்னலோரத் திண்ணையாகும்.

இப்போது எல்லோரும் ஆசைப்படுவது கதவைப் படுக்கப்போட்டுச் சாப்பாட்டு மேசை செய்வதற்கு. செதுக்கின பள்ளத்திலெல்லாம் ரசம் தேங்கும். அதற்காக மேலே கண்ணாடி போட்டால், தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு வாங்கிய மரத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். கதவு நிற்கப் பிறந்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தடுப்பாக நிறுத்தினால் இரண்டு பக்கமும் தெரியும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் வைத்துத் தேய்க்கக் கூடாது. அறுவை மில்லுக்கு அனுப்புமுன் காந்தத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு இரும்பாணி ரம்பத்தின் பல்லை உடைத்துவிடும். பித்தளை ஆணி காந்தத்துக்குச் சிக்காது. அதைக் கண்ணால் தேடி உளியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.