இரும்பு முகம்

ஹட்டனில் நண்பரொருவர் தமது கெப் வண்டியின் பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றிவிட்டு இரும்புப் பம்பர் பூட்டியிருக்கிறார். சேசியில் போல்ட் இறுக்கி, துளைத்த விளிம்புகளுக்கும் பிரைமர் பூசிய பின்பே கறுப்பு வர்ணம் அடித்திருந்தார்கள். மலையக மழையில் துரு முதலில் பிடிப்பது அங்கேதானே! வேலை சுத்தம். எனக்குத்தான் உடன்பாடில்லை.

மோதும்போது தான் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளவே தொழிற்சாலைப் பம்பர் அமைகிறது. நசுங்காத இரும்போ அதைச் சேசிக்கும், எதிரே நிற்பவரின் உடம்புக்கும் கடத்திவிடுகிறது. இத்தகைய காப்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு இந்திய மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. இலங்கைப் பொலிஸார் 2025 ஜனவரியில் பஸ், முச்சக்கர வண்டிகளின் மேலதிகப் பாகங்களைக் கழற்றச் சொன்னபோது எழுந்த கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும்.

மூடுபனியில், நடைபாதையற்ற வீதியோரம் கொழுந்து சுமந்து வரும் பெண்ணுக்கு எந்தப் பம்பர்? நண்பரிடம் கேட்டேன். பழையதை விற்கவில்லை, கராஜில்தான் கிடக்கிறது என்றார்.