தாத்தா தரும் பிஸ்கெட்டும் கணக்கில் உண்டு!

காலையில் தாத்தா காபியோடு தரும் பிஸ்கெட் இரண்டு. பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை. மத்தியானம் பாட்டி பிசைந்து வைக்கும் தயிர்சாதம். இரவில் அப்பா போடும் சிக்கன் தோல். இவை போக, கடையில் வாங்கிய நாய் உணவு இரண்டு வேளை. ‘ரொம்பக் கொஞ்சமாத்தான் சாப்பிடுது டாக்டர், எடை மட்டும் ஏறிட்டே போகுது’ என்று அம்மா சொல்வதும் பொய்யல்ல. அவர் கையால் கொடுத்தது கொஞ்சம்தானே!

லாப்ரடார் என்றால் இன்னும் சிக்கல். நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் சிறு பகுதி விடுபட்டிருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவற்றுக்கு உணவின் மேல் ஆசை அதிகம். ஆகவே, அது பார்க்கும் பாவமான பார்வையை நம்பித் தட்டை நிரப்பாதீர்கள்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் கால் பங்கு உணவைக் குறைத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலிக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். நாயின் ஆயுளில் இரண்டு வருடம் என்பது சின்ன விஷயமா?

விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். லேசாக வருடினாலே கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. தைராய்டு குறைபாட்டாலும் எடை ஏறும் என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்தடை செய்த நாய்க்குத் தேவை குறைவு என்பதும் பலர் மறந்துவிடும் விஷயம்.

பிறகு, அவர் சொல்லும் அளவை எடைபோட்டு, ஒருநாள் உணவு முழுவதையும் காலையிலேயே ஒரே டப்பாவில் போட்டு வையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். தாத்தாவும்தான்! கொஞ்சல் தீனிக்கு உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், கேரட் துண்டு போதும்.

பூனைக்கு மட்டும் அவசரம் கூடாது. குண்டுப் பூனை ‘டயட் உணவு பிடிக்கவில்லை’ என்று இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், உடல் கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். பழைய உணவோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.