வாசகரைப் பிடிப்பதா, உண்டாக்குவதா?

காரைக்கால், நிரவி, திருமலைராயன்பட்டினம் முதலிய இடங்களிலுள்ள நமது இளந்தோழர்கள் பலர், சமீப காலமாக எழுத்துத் துறையில் ஊக்கங்கொண்டு, கையிலுள்ள செல்போனையே அச்சுக்கூடமாகவும் தபாலாபீசாகவும் வைத்துக்கொண்டு, தங்கள் அபிப்பிராயங்களை இணையத்தின் வழியாக வெளியிட்டு வருகின்றார்கள். இது மகிழத்தக்க விஷயமேயாகும். ஆனால், அவர்களில் அநேகர் நம்மிடம் சொல்லும் குறை ஒன்றேதான். அதாவது, “ராத்திரியெல்லாம் விழித்து எழுதுகின்றோம், படிப்பவர் பத்துப் பேர்கூட இல்லை. எவனோ ஒருவன் ராசிபலன் போடுகின்றான். அவனுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் சேருகின்றது. கூட்டம் சேர்க்க என்ன உபாயம்?” என்று கேட்கின்றார்கள்.

உபாயங்களுக்குப் பஞ்சமில்லை. தலைப்பில் ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றை வைக்கலாம்; சினிமாக்காரர் படத்தைப் போட்டு இழுக்கலாம்; “இதைப் படிக்காவிட்டால் கேடு வரும்” என்று பயமுறுத்தலாம். தூண்டில் போட்டால் மீன் அகப்படாமல் போகாது. ஆனால், தூண்டிலில் அகப்பட்ட மீன் தூண்டில்காரனுக்குச் சிநேகிதனாகி விடுமா என்பதைத்தான் தோழர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நமது பக்கத்திலுள்ள திருநள்ளாற்றையே எடுத்துக்கொள்வோம். சனி என்பது சூரியனை ஒரு தடவை சுற்றிவர ஏறக்குறைய 29½ வருஷம் பிடிக்கும் ஒரு கோளம். ஆகாயத்தைப் பன்னிரண்டு பங்காகப் போட்டால் ஒரு பங்கைக் கடக்க அதற்குச் சுமார் 2½ வருஷம் ஆகும். இந்தச் சாதாரணக் கணக்குக்குத்தான் “சனிப் பெயர்ச்சி” என்று பெயர். 2023 டிசம்பர் 20-ந் தேதி பெயர்ச்சி என்றார்கள். எவ்வளவு ஜனங்கள் வந்து குவிந்தார்கள் என்பதைக் காரைக்கால் தோழர்கள் நேரிலேயே கண்டிருப்பார்கள். பத்திரிகைகளும் பன்னிரண்டு ராசிக்கும் பலன் அச்சிட்டு விற்றன. ஆனால், அதை வாங்கினவன் என்ன படித்தான்? தன் ராசிக்குரிய பத்து வரியைப் படித்தான். மற்றதை வடை மடிக்க வைத்துக்கொண்டான். பயத்தினால் சேர்ந்த வாசகன் தன் பயத்தைப் படிக்கின்றானே ஒழிய, உங்கள் எழுத்தைப் படிப்பவனல்ல.

பரிசு காட்டிச் சேர்க்கும் வழியும் புதிதல்ல. 1930-களில் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டி வைத்து வாசகரை இழுத்தது. ஆனால், அதிலே எழுதிப் பேர் பெற்ற கல்கி கிருஷ்ணமூர்த்தி விலகி 1941-ல் தனிப் பத்திரிகை தொடங்கியபோது, பரிசு எதுவும் காட்டாமலே வாசகர்கள் அவர் எழுத்தைத் தேடிப் போனார்கள். அவருக்கும் நமக்கும் கொள்கையில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எனினும் உண்மையை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. போட்டிக்காக வந்தவன் போட்டியோடு போவான்; எழுத்துக்காக வந்தவனோ எழுதுகிறவன் போகுமிடமெல்லாம் வருவான்.

நிற்க, நமது பிரஞ்சு மண்ணின் அனுபவம் ஒன்றுண்டு. 1954 வரையில் காரைக்காலும் புதுச்சேரியும் பிரஞ்சு ஆட்சியில் இருந்தவை. பிரிட்டிஷ் சர்க்காரின் அடக்குமுறைக்குத் தப்பி, சென்னையில் நடந்துவந்த சுப்பிரமணிய பாரதியின் “இந்தியா” பத்திரிகை 1908-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது. அங்கே அச்சுக்கூடத்தை வெள்ளைக்காரப் போலீசார் தொட முடியவில்லை. ஆசிரியரையும் தொட முடியவில்லை. ஆனால், வாசகர்களோ பெரும்பாலும் பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தார்கள். ஆகவே சர்க்கார், பத்திரிகை எல்லை தாண்டி உள்ளே வராதபடி தடுத்தார்கள். 1910-ல் “இந்தியா” நின்றுபோயிற்று. எழுதும் கையும் அச்சடிக்கும் யந்திரமும் பத்திரமாகவே இருந்தன. வாசகனிடம் போகும் பாதை மாத்திரம் எதிரியின் கையில் இருந்தது. அது ஒன்றே போதுமானதாய் விட்டது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூன் 29-ந் தேதி இந்திய சர்க்கார் டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தார்கள். தடை சரியா தப்பா என்பது வேறு விவகாரம். லட்சக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள், அதில் ஒருவருடைய விலாசமும் தங்கள் கையில் இல்லாமல் வெறுங்கையோடு நின்றார்கள். தடையே வராவிட்டாலும், உங்கள் எழுத்தை யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்று எங்கோ இருக்கும் ஒரு கம்பெனி முதலாளியின் யந்திரமல்லவா தீர்மானிக்கின்றது? அவன் வாசலில் கூடும் கூட்டத்தை நம்முடைய கூட்டம் என்று எண்ணி இறுமாப்பது, சந்தைக்கு வந்தவரையெல்லாம் தன் வீட்டு விருந்தினர் என்று எண்ணுவதற்கே ஒப்பாகும்.

இதற்கு நேர்மாறான ஒரு அனுபவத்தைப் பாருங்கள். 1925 மே 2-ந் தேதி ஈரோட்டில் “குடி அரசு” தோன்றியது. 1933 அக்டோபரில் வெளிவந்த ஒரு தலையங்கத்திற்காக வழக்கு வந்தது, பத்திரிகை நின்றது. உடனே “புரட்சி” வந்தது. அதுவும் நின்று 1934-ல் “பகுத்தறிவு” வந்தது. 1935-ல் மறுபடியும் “குடி அரசு” வந்தது. பெயர்தான் மாறியதே தவிர, படிப்பவர்கள் மாறவில்லை. காரணமென்ன? சந்தாதாரர் யார், எந்த ஊர் என்பது பத்திரிகைக்குத் தெரியும். பத்திரிகை யாருடையது என்பது சந்தாதாரருக்குத் தெரியும். ஊர்தோறும் சந்தா சேர்த்துக் கொடுத்த தோழர்கள் இருந்தார்கள். படிப்பகத்திலும், டீக்கடையிலும், முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பலர் சுற்றியிருந்து கேட்டார்கள். ஒரு பிரதி ஒரு வாசகர் என்று அந்நாளில் யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

அன்றியும், வாசகர் தானாக முளைப்பவர் அல்லர், உண்டாக்கப்பட வேண்டியவர். காரைக்காலுக்கு வடக்கே சிறிது தூரத்திலுள்ள தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் வந்து, அங்கே அச்சுக்கூடம் அமைந்து, 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. ஆனால், யந்திரம் வருவதற்கு முன்பே, 1707-லேயே, பெண்களுக்குக்கூட அங்கே பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். அவர்கள் நோக்கம் மதப் பிரசாரம். அது நமக்கு உடன்பாடல்ல. ஆனால், அவர்கள் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. அதாவது, புத்தகம் வருமுன்பே அதைப் படிக்கக்கூடிய ஆளைத் தயார் செய்தார்கள்.

“எங்களுக்குப் பணமில்லையே” என்று சிலர் சொல்லக்கூடும். திருவாரூரில் பள்ளி மாணவராயிருந்த கருணாநிதியிடம் என்ன பணம் இருந்தது? முதலில் “மாணவ நேசன்” என்று கையாலேயே பத்திரிகை எழுதிச் சுற்றுக்கு விட்டார். பிறகு 1942 ஆகஸ்ட் 10-ந் தேதி “முரசொலி”யைத் துண்டு வெளியீடாகத் தொடங்கினார். அது தினசரியானது 1960-ல். இடையிலே பதினெட்டு வருஷம். இன்று எழுதி நாளை ஆயிரம் பேர் எங்கே என்று கேட்கும் தோழர்கள் இந்தக் கணக்கை மறக்கலாகாது.

இனி, காரைக்கால் தோழர்கள் எதை எழுத வேண்டும் என்பது குறித்துச் சில வார்த்தைகள். காரைக்காலைச் சுற்றிலும் தமிழ்நாட்டு எல்லை. ஆட்சி நடக்கும் தலைநகரமோ நூறு மைலுக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் புதுச்சேரியில். “பெண்களுக்கு இன்ன உதவி, விவசாயிகளுக்கு இன்ன சலுகை” என்று தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்தது பத்திரிகையில் வந்தால், அந்த உதவி வாஞ்சூர் எல்லையோடு நின்றுவிடும். படித்துவிட்டு ஆபீசுக்குப் போன காரைக்கால் தாய்மார்கள் “உங்களுக்கில்லை” என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். அவர்களுக்கு உரியது எது, எந்த ஆபீசில் எந்தக் காகிதத்தோடு போகவேண்டும் என்று ஒருவன் பிழையின்றி எழுதட்டும். அவனுக்கு வாசகர் இல்லாமற் போவது எப்படி?

மற்றொன்று, காவிரித் தண்ணீர். 2007-ல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று ஒதுக்கியது, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை அப்படியே வைத்தது. காகிதத்திலுள்ள 7 டி.எம்.சி. கடைமடையிலுள்ள காரைக்கால் வயலுக்கு வந்து சேர்ந்ததா என்பதை வாரந்தோறும் நேரில் பார்த்து, ஒரே கிழமையில் தவறாது எழுதி வந்தால், விவசாயி அந்தக் கிழமைக்காகக் காத்திருப்பான். அப்படிக் காத்திருப்பவனே வாசகன். இவ்விதம் தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மையாயிருக்கக் கண்டவன்தான், சனியைப் பற்றி நீங்கள் சொல்லும்போதும் காது கொடுப்பான். நம்பிக்கை பெறாத இடத்தில் கொள்கையைக் கொட்டுவது, உழாத நிலத்தில் விதைப்பதே ஆகும்.

எனவே, தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். எழுதியதை முதலில் வீட்டிலுள்ள தாயாருக்குப் படித்துக் காட்டுங்கள். நடுவில் அவர் எழுந்து போய்விட்டால் குறை அவரிடத்தில் இல்லை. தலைப்பில் சொன்னதை உள்ளே கொடுங்கள். சொன்ன நாளில் வெளியிடுங்கள். தப்பு நேர்ந்தால், தப்பைப் போட்ட அதே இடத்தில் திருத்தத்தையும் போடுங்கள். படிப்பவர் பெயரையும் விலாசத்தையும், அவர் சம்மதத்தோடு, உங்கள் கையிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதை யாருக்கும் விற்காதீர்கள். எதிர்த்து எழுதுகின்றவருக்கு மரியாதையோடு பதில் சொல்லுங்கள். ஏனெனில், அவர்தான் உங்கள் எழுத்தைக் கடைசி வரி வரையில் படித்தவர்.

இப்படிச் செய்தால் நாளைக்கே லட்சம் பேர் வந்துவிடுவார்கள் என்று நாம் வாக்குறுதி கொடுக்கமாட்டோம். அம்மாதிரி வாக்குறுதி ஜோசியருக்குரியது. ஐம்பது பேர் வரலாம். ஆனால், அந்த ஐம்பது பேரும் எந்தக் கம்பெனி கதவை மூடினாலும், எந்த சர்க்கார் பாதையை அடைத்தாலும், “அந்தப் பிள்ளை இந்த வாரம் என்ன எழுதிற்று?” என்று உங்கள் வீட்டைத் தேடி வந்து கேட்பார்கள். அந்த ஐம்பது பேரைச் சம்பாதிக்கும் வேலையைக் காரைக்கால் தோழர்கள் இந்த வாரமே தொடங்க வேண்டுமென்று விரும்புகின்றோம்.