ஒரு கழகத்தின் ஓராண்டு

கிரிக்கெற் ஆட்டங்களின் முடிவுகளைப் பத்திரிகையில் விரும்பிப் படிப்போர் நம்மிடையே பலர். இன்னார் இத்தனை ஓட்டங்கள் எடுத்தார், இன்னார் இத்தனை விக்கெற்றுகளை வீழ்த்தினார், இன்ன கழகம் வெற்றி பெற்றது என்று இரண்டு அங்குல இடத்துள் யாவற்றையும் அறிந்துகொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த இரண்டு அங்குலச் செய்திக்குப் பின்னே ஓராண்டு உழைப்பு இருக்கிறது. யாரோ ஒருவர் புல் வெட்டினார். யாரோ ஒருவர் உருளை இழுத்தார். யாரோ ஒருவர் சந்தாப் பணம் கேட்டு அலைந்தார். யாரோ ஒருவர் இருபத்திரண்டு பேருக்குத் தேநீர் தயாரித்தார். இவர்களுள் ஒருவரது பெயரேனும் அச்சில் வருவதில்லை. இவ்வாரம் அவர்களைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

ஊதியம் பெறாது விளையாடுவோரை ‘அமெச்சூர்’ என்று அழைப்பது வழக்கம். அச்சொல்லை ‘அரைகுறை’ என்னும் கருத்தில் இழிவாக வழங்குவோரும் உளர். ஆனால் அதன் மூலத்தை ஆராய்ந்தால், இலத்தீன் மொழியில் ‘அன்பு செய்பவன்’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அது பிறந்தமை புலனாகும். கூலி கருதாது, அன்பு காரணமாக ஒரு காரியத்தில் ஈடுபடுபவனே அமெச்சூர்.

இங்கிலாந்திலே இவ்வேற்றுமை ஒரு காலத்தில் ஏறக்குறைய சாதி வேற்றுமை போலவே பாராட்டப்பட்டது. ஊதியம் பெறாதோர் ‘கனவான்கள்’; பெறுவோர் வெறும் ‘ஆட்டக்காரர்’. இவ்விரு சாராருக்கும் இடையே 1806 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆட்டம் 1962 ஆம் ஆண்டோடுதான் முடிவுற்றது. கனவான்களின் முதலெழுத்துக்களைப் பெயருக்கு முன்னும், மற்றையோருடையவற்றைப் பெயருக்குப் பின்னும் அச்சிடும் வழக்கமும் இருந்தது. 1962 இன் இறுதியில் அந்த வேற்றுமை ஒழிக்கப்பட்டது, ஒழியவேண்டியதே. ஆயினும் அன்பு காரணமாக ஆடுவோரும் உழைப்போரும் ஒழிந்துவிடவில்லை. சிற்றூர்க் கழகங்கள் இன்றும் அவர்களாலேயே நிலைத்து நிற்கின்றன.

கழகம் ஒன்று எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு மடிகிறது என்பதற்கு இங்கிலாந்தின் ஹம்ஷயர்ப் பகுதியிலுள்ள ஹம்பிள்டன் என்னும் சிற்றூரின் சரித்திரத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சந்தா செலுத்திய கனவான்கள் அக்கழகத்தை நடத்தினார்கள். களத்தில் இறங்கி ஆடியோரிற் பலர் சாதாரண மக்கள். ஆட்டத்துக்காக அவர்களுக்குப் பணமும் கொடுக்கப்பட்டது. மைதானத்துக்கு எதிரே சத்திரம் வைத்திருந்த றிச்சட் நைரன் என்பவரே அணித் தலைவர். 1777 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தச் சிற்றூர் அணி, இங்கிலாந்து அணி என்று பெயர் பூண்டு வந்த அணியை ஓர் இன்னிங்ஸாலும் 168 ஓட்டங்களாலும் தோற்கடித்தது. அவ்வாட்டத்தில் ஜேம்ஸ் அயில்வாட் என்பவர் தனியே 167 ஓட்டங்கள் எடுத்தார்.

இவ்வெற்றியைக் காட்டிலும் நீடித்து நின்றது அவர்கள் எழுதி வைத்த ஒரு குறிப்பு. 1771 ஆம் ஆண்டில் எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் விக்கெற் முழுவதையும் மறைக்கும் அகலமுடைய துடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து நின்றார். அதைத் தடுக்கும் விதி அக்காலத்தில் இருக்கவில்லை. ஹம்பிள்டன் ஆட்டக்காரர் சச்சரவிட்டுக் கலைந்துவிடாமல், துடுப்பின் அகலம் நாலேகால் அங்குலத்தை மீறலாகாது என எழுதி மூவர் கையொப்பமிட்டனர். அந்த அளவே பின்னர் விதியாயிற்று. இன்று உலகக் கிண்ணப் போட்டியில் ஆடுபவரும் அந்த நாலேகால் அங்குலத்துக்கு அடங்கிய துடுப்பையே ஏந்துகிறார். கூடிப் பேசி எழுதி வைக்கும் பழக்கத்துக்கு இருக்கும் வலிமை இது.

ஆனால் 1787 இல் இலண்டனில் மெறிலிபோன் கழகம் தோன்றியதும் ஆதரவாளர் ஒவ்வொருவராக அங்கே சென்றுவிட்டனர். 1796 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஹம்பிள்டன் கழகம் கூட்டம் ஒன்றைக் கூட்டியது. அன்றைய குறிப்பேட்டில் எழுதப்பட்ட செய்தி, கனவான் எவரும் வரவில்லை என்பதே. கழகத்தின் பெருவாழ்வு அவ்வளவில் முடிந்தது. இங்கிலாந்து அணியை வென்ற கழகத்தை எதிரணி எதுவும் கொல்லவில்லை. வெற்று நாற்காலிகளே கொன்றன.

இனி, இன்றைய இங்கிலாந்துச் சிற்றூர்க் கழகம் ஒன்றின் ஓராண்டைச் சற்று நோக்குவோம். பார்வையாளனுக்கு ஆண்டு சித்திரையில் ஆரம்பமாகிறது. மைதானத்தைப் பேணுபவருக்கோ கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே ஆரம்பமாகிறது. செப்ரெம்பர் இறுதியில் அவர் ஆடுதளத்தைப் பற்கள் கொண்ட கருவியால் வாரி, மடிந்த புல்லை அகற்றுவார். பின்னர் நிலத்தில் துளையிட்டு, புல்விதை தூவி, களிச்சத்து மிகுந்த மண்ணைச் சலித்து மெல்லிதாகப் பரப்புவார். களிமண் காய்ந்தால் இறுகும்; இறுகினாற்றான் பந்து நேராக எழும். அடுத்த ஆடி மாதத்தில் ஓர் இளைஞன் அச்சமின்றி முன்காலை வைத்துப் பந்தை அடிப்பானாயின், அந்தத் துணிவு புரட்டாதியில் இட்ட மண்ணிலிருந்து வந்தது.

குளிர்காலத்தில் வருடாந்தப் பொதுக் கூட்டம் நடைபெறும். தனாதிகாரி கணக்கை வாசிப்பார். சந்தா, விருந்து, அதிர்ஷ்டச் சீட்டு என்பன வரவு. பந்து, மண், காப்புறுதி, புல்வெட்டும் இயந்திரத்தைத் திருத்திய கூலி என்பன செலவு. வரவுக்கும் செலவுக்கும் இடையே எஞ்சுவது பெரும்பாலும் சொற்பமே. அடுத்து உத்தியோகத்தர் தெரிவு. அணித் தலைவர் பதவிக்குப் போட்டி இருக்கலாம். காரியதரிசி பதவிக்கு யார் என்று கேட்டவுடன் சபையில் நிலவும் மௌனம் இருக்கிறதே, அதை நம் நாட்டுச் சங்கங்களிலும் நேயர்கள் அனுபவித்திருப்பார்கள்! சிலர் கூரையைப் பார்ப்பார்கள். சிலர் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். ஈற்றில், பத்து ஆண்டுகளாக அப்பதவியை வகித்தவரே, “இந்த ஓராண்டுக்கு மாத்திரம்” என்று சொல்லி மீண்டும் ஏற்றுக்கொள்வார்.

பங்குனியில் உருளை வெளியே வரும். நிலம் மிக ஈரமாக இருந்தால் உருட்டுவது தீங்கு. நன்றாகக் காய்ந்த பின் உருட்டுவது வீண். இரண்டுக்கும் இடைப்பட்ட பதம் அறிந்து, முதலில் இலேசாகவும் பின்னர் பாரமாகவும் உருட்டவேண்டும். சித்திரையில் வலைப் பயிற்சி ஆரம்பிக்கும். சிறுவர்களை அழைத்து வரும் தாய்மார் எல்லையோரத்தில் குளிரில் நடுங்கியபடி காத்திருப்பார்கள்.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை சனிக்கிழமைதோறும் ஆட்டம். வியாழக்கிழமை இரவே அணித் தலைவருக்குச் சோதனை தொடங்கிவிடும். ஒருவருக்குத் தமையன் திருமணம். ஒருவருக்கு முதுகு வலி. ஒருவர் விடுமுறையிற் போய்விட்டார். பதினொருவரைச் சேர்ப்பதற்குள் ஆட்டத்தில் வெல்வது எளிது என்று தோன்றிவிடும். மூன்றாம் அணியில் அறுபது வயதுப் பாட்டனாரும் பதின்மூன்று வயதுச் சிறுவனும் அருகருகே நிற்பார்கள். அலுவலகத்தில் எவருக்கும் அஞ்சாத மேலதிகாரி, பள்ளி மாணவன் வீசிய முதற் பந்திலேயே ஆட்டமிழந்து திரும்புவார். திரும்பியவர் சும்மா இருக்கவும் இயலாது. மத்தியஸ்தர் கிடைக்காத நாளில், வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு அவரே மத்தியஸ்தராக நிற்கவேண்டும்.

கணக்கெழுதுபவரைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு சொல். ஓட்டக் கணக்குப் புத்தகம் ஒவ்வொரு பந்தையும் இரண்டு இடங்களிற் பதிவு செய்கிறது: துடுப்பாடுபவர் பக்கத்தில் ஒருமுறை, பந்து வீசுபவர் பக்கத்தில் ஒருமுறை. உதிரி ஓட்டங்களையும் முறைப்படி சேர்த்தபின் இரு பக்கமும் ஒத்துவரவேண்டும். ஒத்துவராவிடின் எங்கோ பிழை இருக்கிறது. வாணிபக் கணக்கியலின் இரட்டைப் பதிவும் இதுவே. எண்களை வெறுக்கும் பிள்ளையைக் கணக்கெழுதுபவரின் அருகில் ஒரு மாலைப்பொழுது அமர்த்திப் பார்க்குமாறு பெற்றோருக்குச் சிபாரிசு செய்கிறோம்.

இன்னிங்ஸுகளுக்கு இடையே வரும் தேநீர் வேளை அக்கழகங்களின் பெருமை. வீட்டிற் செய்த கேக்கும் ரொட்டித் துண்டுகளும் மேசையில் நிறையும். சற்று முன் முறைத்துக்கொண்டவர்கள் ஒரே மேசையில் உண்பார்கள். 2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காரணமாக அந்நாட்டுக் கழக ஆட்டங்கள் ஆடி மாதத்திலேதான் தொடங்கின. பொதுத் தேநீரும் நிறுத்தப்பட்டது. அவரவர் உணவை அவரவர் கொண்டுவந்தனர். தொற்று நீங்கியபின் தேநீர் இனிக் கட்டாயமா என்ற கேள்வி பல லீக்குகளில் விவாதத்துக்கு வந்தது. வாரந்தோறும் அதைத் தயாரித்தவர்கள், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பது அப்போதுதான் சிலருக்கு உறைத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். தமிழ் யூனியன் கழகம் 1899 ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டது. பி. சரவணமுத்து அவர்களின் பெயரை இன்று தாங்கி நிற்கும் அதன் கொழும்பு ஓவல் மைதானத்திலே, 1948 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பிறட்மன் தலைமையில் இங்கிலாந்து நோக்கிக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த அவுஸ்திரேலிய அணி ஆடியது. இலங்கை அணிக்குத் தலைவர் மகாதேவன் சதாசிவம். பந்து வீசிய அவுஸ்திரேலியர் ஐயுற்றனர். அளந்து பார்த்தபோது, 22 யார் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 யார் நீளமே இருந்தது! பெருங்கூட்டம் கண்டுகளித்த ஆட்டம் அது. ஆயினும் இன்றுவரை பலர் நினைவிற் கொள்வது அளவுக் கயிற்றில் விட்டுப்போன அந்த இரண்டு யார்களையே. நில அளவையாளரின் ஒரு சங்கிலி நீளமே 22 யார். மைதான வேலையிற் சிறு கவனக்குறைவுக்கும் எவ்வளவு நீண்ட ஆயுள் என்பதை இதிலிருந்து அறியலாம். அதே மைதானத்திலேதான் 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆம் திகதி இலங்கையின் முதலாவது ரெஸ்ற் ஆட்டம் ஆரம்பமாயிற்று. கழகம் ஒன்று பேணிய மண்ணிலேயே தேசத்தின் ஆட்டம் பிறந்தது.

வடக்கிலும் கிழக்கிலும் உள்ள ஊர்க் கழகங்களுக்கு இங்கிலாந்தின் குளிர் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வரும் மாரி உண்டு. வெள்ளம் வடிந்தபின் மைதானத்தைச் செப்பனிடுவதற்குக் கூப்பிட்டால், ஆட்டத்துக்கு வரும் இருபது பேரில் நால்வரே மண்வெட்டியோடு வருகிறார்கள். அந்த நால்வரை ஊர் அறிந்திருக்கவேண்டும். வெற்றிக் கிண்ணத்தோடு படம் எடுக்கும்போது அவர்களை முன்வரிசையில் இருத்துவது தகும்.

மாணவ நேயர்களுக்கு நாம் கூறுவது இதுதான். எல்லோராலும் சதம் அடிக்க இயலாது. சதாசிவமாகப் பிறப்பவர் ஒருவரே. ஆனால் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதவும், கணக்கைச் சதத்துக்குச் சதம் சரியாக வைத்திருக்கவும், உருளையின் கைப்பிடியை ஒரு பக்கம் பற்றி இழுக்கவும் எவராலும் இயலும். பத்து ஆண்டுகளாக ஒரே பதவியைச் சுமக்கும் காரியதரிசியிடம் சென்று, “ஐயா, இவ்வாண்டு நான் உங்களுக்கு உதவியாக இருக்கிறேன்” என்று சொல்லவும் இயலும். அவர் மகிழ்வது மாத்திரமன்று, அவருக்குப் பின் கழகத்துக்கும் ஓர் ஆள் உண்டாகும்.

உங்கள் ஊர்க் கழகத்தின் பொதுக் கூட்ட அறிவித்தல் வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று தவறாது சென்று ஒரு நாற்காலியில் அமருங்கள். குறிப்பேட்டில் எவரும் வரவில்லை என்று எழுதும் நிலை உங்கள் காரியதரிசிக்கு நேராதிருக்கட்டும்.