பிடித்த மீனுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பண்ணைப் பாலத்தில் தூண்டில் போடும் பெடியன்மாரும், அவர்களுடைய அப்பா, வாப்பாமாரும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன கிழமை அஸர் தொழுதுவிட்டுத் தூண்டிலோடு பண்ணைக்குப் போயிருந்தேன். வழக்கம்போல நல்ல சனம். எனக்குப் பத்தடி தள்ளி நின்ற ஒரு பெடியனுக்கு ஓரா ஒன்று பட்டது. வயது பதினாலு இருக்கும். மீனை இழுத்துத் தார் ரோட்டில் போட்டான். முள்ளைக் கழட்டத் தெரியவில்லை. செருப்புக் காலால் மீனை மிதித்துக்கொண்டு தங்கூசியைப் பிடித்து இழுத்தான். வாய் கிழிந்துதான் முள் வந்தது. பிறகு "சின்னன்" என்று சொல்லி மீனை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த இறாலைக் கொழுவினான். மீன் துடித்துக்கொண்டே கிடந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு இரக்கமே இல்லையா? இதுக்காடா இஞ்ச வாறாய்?" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டேன். வகுப்பில் பழகிய குரல், பாலம் முழுக்கக் கேட்டிருக்கும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து தூண்டிலைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். நான் திரும்பிப் பார்த்தபோது மீனும் செத்திருந்தது.

பக்கத்தில் குருநகர் ஐயா ஒருவர் நின்றார். வாழ்நாள் முழுக்கக் கடலில் தொழில் செய்தவர். மெதுவாகச் சொன்னார்: "சேர், அந்தப் பெடியனுக்கு ஆர் காட்டிக் குடுத்தது? நீங்கள் ஏசின நேரத்துக்கு அந்த மீனைத் தூக்கி முள்ளைக் கழட்டிக் காட்டியிருந்தா, அவனும் பழகியிருப்பான், மீனும் தப்பியிருக்கும்."

அந்தக் கேள்வியில் இருந்துதான் இந்தப் பதிவு. உண்மையாகவே, ஆர் காட்டிக் கொடுத்தது?

எனக்குத் தூண்டில் பழக்கியது என் வாப்பா. 1990 ஒக்டோபரில் சோனகத்தெருவை விட்டுப் போன பிறகு, புத்தளம் களப்புக் கரையில் வைத்துப் பழக்கினார். இங்கே இருந்த சனத்துக்கும் போர்க்காலத்தில் கடல் தடையாகத்தான் இருந்தது. இன்ன நேரம் போகக்கூடாது, இந்தக் கரையில் நிற்கக்கூடாது என்று வருடக்கணக்கில் கட்டுப்பாடு. தகப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு பின்னேரம் கரையில் நின்று ஆறுதலாகச் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் எத்தனையோ வீடுகளில் அறுந்துபோனது. இன்றைய பெடியங்களுக்கு ஆசான் ரிக்ரொக்கும் யூரியூப்பும்தான். அங்கே மீன் என்பது படம் எடுப்பதற்கான சாமான். அந்த மீனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எவரும் காட்டுவதில்லை.

"மீன்தானே சேர், அதுக்கு நோகுமா?" என்று சிலர் கேட்பீர்கள். 2003இல் பிரித்தானியாவில் லின் ஸ்னெடன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ட்ரவுட் மீனின் தலைப் பகுதியில் காயத்தையும் சூட்டையும் உணர்கிற 22 நரம்பு முனைகளைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். மீனுக்கு நோவது எங்களுக்கு நோவது போலத்தானா என்று விஞ்ஞானிகளுக்குள்ளே இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் வாய் கிழிவது மீனுக்கு ஒன்றுமேயில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

தண்ணீருக்கு வெளியே வைத்திருக்கிற நேரமும் சின்ன விடயமில்லை. 1992இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், தூண்டிலில் இழுபட்டதுபோலக் களைக்க வைத்த ட்ரவுட் மீன்களில் 12 மணித்தியாலத்துக்குள் செத்தவை 100க்கு 12. அதே களைப்போடு 30 செக்கன் காற்றில் வைத்தபோது 38. ஒரு நிமிடம் வைத்தபோது 72. அது குளிர்நாட்டு மீன். எங்கள் மீன்களுக்கு இலக்கம் மாறலாம். ஆனால் காரணம் ஒன்றுதான். பூ விளையாட்டுத் தண்ணீரில் மட்டும்தான் விரிந்து நிற்கும், வெளியே எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஓடிக் களைத்த ஒருவருக்கு மூக்கையும் வாயையும் பொத்தினால் எப்படியோ, அப்படி. நீந்திப் போகிறது என்பதற்காக அது தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

மார்க்கத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. நான் மௌலவி இல்லை, எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். மீனை அறுக்க வேண்டிய கடமை எங்களுக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் மீன் எப்படிச் செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. ஆனால் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரழி) அறிவிக்கிற, ஸஹீஹ் முஸ்லிமில் வருகிற ஹதீஸ், எல்லா விடயத்திலும் நல்ல முறையைக் கடமையாக்குகிறது. அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு இலகுவாக்கச் சொல்கிறது. எல்லா விடயத்திலும் என்றால் அதற்குள் மீனும் வரும்தானே? உயிருள்ள ஒன்றை விளையாட்டு இலக்காக வைப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பேத்தையை உப்ப வைத்துப் பந்தடிக்கிற பெடியங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? ஐயாவிடம் கேட்டதும் நான் பழகியதும்:

1. முதலில் முடிவெடுங்கள். கறிக்கா, கடலுக்கா? தூக்கின உடனேயே முடிவெடுக்க வேண்டும். ரோட்டில் போட்டுவிட்டு யோசிப்பது ஆகக் கெட்ட வழி.

2. விடுவதென்றால், கையைக் கடல் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பிடியுங்கள். மீனின் மேலுள்ள வழுவழுப்பு அழுக்கு இல்லை, நோய்க் கிருமியிலிருந்து அதைக் காக்கிற போர்வை. காய்ந்த கையும் சாரத் துணியும் சுடுகிற தாரும் அதை உரித்துவிடும். பூவுக்குள் விரலை விட வேண்டாம்.

3. ஒரு குறடு வைத்திருங்கள். தூண்டில் முள்ளின் எதிர்க்கொழுக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் முள் இலகுவாகக் கழரும். உங்கள் விரலில் ஏறினாலும் இலகுவாகக் கழரும். மீன் முள்ளை விழுங்கிவிட்டால் குடலோடு இழுக்க வேண்டாம். தங்கூசியை வாயோடு ஒட்ட வெட்டி விடுங்கள்.

4. பாலத்தின் மேலிருந்து எறியாமல், முடிந்தால் கீழே இறங்கித் தண்ணீரில் விடுங்கள். அல்லது கயிறு கட்டிய வாளியில் இறக்குங்கள்.

5. கறிக்கென்றால், துடிக்க விட வேண்டாம். கண்ணுக்குச் சற்றுப் பின்னால் தலையில் பலமாக ஒரு அடி. பிறகு பூவை வெட்டி இரத்தம் வடிய விட்டு ஐஸ் பெட்டியில் போடுங்கள். துடித்துத் துடித்துச் சாகிற மீனின் தசை கெதியில் பழுதாகும். சூரை, கும்பளா, சூடை போன்றவற்றை வெயிலில் வைத்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உண்டாகும். அது சமைத்தாலும் போகாது. "மீன் ஒத்துக்கொள்ளவில்லை, முகம் சிவந்துவிட்டது" என்று நாங்கள் சொல்வதில் சிலது இதுதான்.

6. ஓரா, கெளுத்தி, திருக்கை மூன்றுக்கும் நஞ்சு முள் உண்டு. அந்தப் பெடியன் மிதித்த ஓரா அவனுடைய காலையே பதம் பார்த்திருக்கும். குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் (45 பாகை செல்சியஸுக்கு மேலே போகாமல்) சுடுதண்ணீரில் அரை மணித்தியாலமாவது வைத்திருங்கள். நோ குறையும். பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள். திருக்கை முள் ஆழமாக ஏறியிருந்தால் இழுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திருக்கை பட்டால் வாலை வெட்டுவதை விட்டுத் தங்கூசியை வெட்டுங்கள்.

7. பேத்தையை உடனே விடுங்கள். வெளியில் உப்பும்போது அது காற்றை விழுங்குகிறது. அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமல் மிதந்தே சாகலாம். வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை.

8. அறுந்த தங்கூசியைக் கடலில் போடாமல் பையில் போடுங்கள். கொக்கும் நாரையும் காலில் சுற்றிக்கொண்டு சாகின்றன.

இன்னொரு கேள்வியும் வரும். "இந்திய றோலர் வந்து அடியோடு வழிச்சுக்கொண்டு போகுது. நீங்கள் பண்ணையில நிக்கிற பெடியனோட சண்டை பிடிக்கிறீங்கள்." நியாயமான கோபம். 2017இல் எங்கள் நாட்டில் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தார்கள். எங்கள் மீனவர்கள் அதற்காக எத்தனை வருடம் குரல் கொடுத்தார்கள்! அவர்கள் சொன்னது என்ன? குஞ்சு குருமானையெல்லாம் அள்ளி, வேண்டாததைச் செத்த பிறகு வீசுகிறார்கள் என்பதுதானே. அதே வேலையைத்தான் நாங்கள் பாலத்தில் ஒவ்வொன்றாகச் செய்கிறோம். எங்கள் களப்பு ஆழம் குறைந்தது. சாதாளைக்குள்ளும் கண்டல் வேருக்குள்ளும் வளர்கிற குஞ்சுதான் நாளைக்குக் குருநகர், நாவாந்துறை, பாசையூர் வலைகளில் விழ வேண்டிய மீன். நாங்கள் பொழுதுபோக்குக்கு நிற்கிறோம், அவர்கள் வயிற்றுக்காக நிற்கிறார்கள். அவர்களுடைய கரையில் விருந்தாளிகளாக நிற்கிற எங்களுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆக்களைக் கேட்டுப் பாருங்கள். ஜெர்மனியில் பொதுவாகப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் தூண்டில் அனுமதி. சுவிஸில் விடுவதற்காகவே மீன் பிடிப்பதைக்கூட 2008இலிருந்து சட்டம் அனுமதிப்பதில்லை. மீனைத் துன்புறுத்தி விளையாடக்கூடாது என்பது அவர்களுடைய வாதம். எங்களுக்குப் பரீட்சை வேண்டாம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதில்தான் நான் பிழை விட்டேன். பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியின் சம்பவத்தை நாங்கள் எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம். தோழர்கள் ஏச எழும்பினார்கள். நபியவர்கள் தடுத்தார்கள், அவரை முடிக்க விட்டார்கள், ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள், பிறகு அன்பாக விளங்கப்படுத்தினார்கள். ஆசிரிய கலாசாலையிலும் எங்களுக்கு முதலில் படிப்பித்தது செய்து காட்டுவதைத்தான். இரண்டும் தெரிந்த நான் பாலத்தில் இரண்டையும் மறந்துவிட்டேன். நாலு பேருக்கு முன்னால் அவமானப்பட்ட பெடியன் மீனுக்கு இரக்கம் காட்டப் பழகமாட்டான். ஏசியவர் இல்லாத இடத்தில் போய் நிற்கத்தான் பழகுவான்.

ஆகவே பழகியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்தில் ஒரு பெடியன் தடுமாறினால், "தம்பி, ஒருக்கா இஞ்ச தாங்கோ, காட்டித் தாறன்" என்று சொல்லுங்கள். ஒரு மீனுக்கு நீங்கள் செய்து காட்டுங்கள், அடுத்ததை அவன் செய்ய விடுங்கள். நன்றாகச் செய்தால் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். பிழை விட்டால் அவனுக்கு மட்டும் கேட்கச் சொல்லுங்கள். குருநகர் ஐயாமாரைப் போன்றவர்கள் எங்கள் பாடசாலைகளுக்கு ஒரு நாள் வந்து கதைத்தால், நான் ஒரு தவணை முழுக்கச் சொல்வதைவிட அது பெடியங்களின் மனதில் நிற்கும்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை பண்ணைக்குப் போய்விட்டேன். அந்தப் பெடியனைக் காணவில்லை. நீல நிறச் சைக்கிள், பின் கரியரில் வெள்ளை றெஜிபோம் பெட்டி. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவனிடம் சொல்லுங்கள், சேர் மன்னிப்புக் கேட்கிறார் என்று. என் பையில் இப்போது இரண்டு குறடு இருக்கிறது. ஒன்று அவனுக்கு.

அல்லாஹ் எங்கள் கைகளிலும் நாக்குகளிலும் இரக்கத்தைத் தருவானாக.