பழைய ஆர்கன் வாங்குமுன்

எம்.ரெட்டியபட்டி போன்ற வானம் பார்த்த பூமியில், மானாவாரி வெள்ளாமையை நம்பி வாழும் குடும்பங்களின் காணிக்கையைக் கொண்டே ஆலயத்திற்கு இசைக்கருவி வாங்க வேண்டியிருக்கிறது. 1963-இல் வத்திக்கான் சங்கம் குழல் ஆர்கனைப் போற்றியதோடு, தகுந்த பிற கருவிகளுக்கும் இடமளித்தது.

கைமாறி வரும் டிஜிட்டல் ஆர்கன்களின் இரட்டைக் கட்டை வரிசையும், காலால் மிதிக்கும் 32 கட்டைகளும் கண்ணைக் கவரும். மிதித்து வாசிக்க நம் பாடகர் குழுவில் யார் உளர்? வீட்டில் பழகும் பிள்ளைக்கு 61 கட்டைக் கீபோர்டே போதும் என்பது எம் கருத்து.

ஆலயத்திற்காயின், விலை பேசுமுன் ஒரு மணி நேரமேனும் வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டையும் ஒலிக்கிறதா? சூடேறியபின் கரகரக்கிறதா? பழுதான மின்பலகைக்கு மாற்று கிடைக்குமா? ஸ்டெபிலைசரின் விலையையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆர்மோனியத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள். மின்சாரம் நின்ற ஞாயிறன்று அதுவே கைகொடுக்கும்.